மலைக்குப் போறதுக்கு முன்னாடி: இரத்தினபுரிப் பாதையும் அதைச் சுமந்தவங்களும்

சீசன் தொடங்கினா நம்ம வட்ஸ்அப் குரூப்பில ரெண்டு விஷயம் தவறாம வரும். ஒண்ணு, "மலைக்கு யார் யார் வாறீங்க?" மற்றது, மலையோட பேரை வச்சு ஒரு சண்டை. சிவனொளிபாதமலையா, ஸ்ரீபாதவா, பாவா ஆதம் மலையா என்று விடிய விடிய ஓடும். உச்சியில இருக்கிற பாதம் யாருடையது என்று கேட்கிற நாங்க, அந்தப் பாதத்துக்குப் போற பாதையை யார் உண்டாக்கினது என்று கேட்டதே இல்லை. அதனால இந்த முறை பாதையைப் பற்றி எழுதுறோம். போறவங்களுக்கு உதவுற சில குறிப்புகளும் சேர்த்து.

எப்போ, எந்தப் பாதையால?

டிசம்பர் மாத உந்துவப் போயாவில இருந்து மே மாத வெசாக் போயா வரைக்கும்தான் யாத்திரைக் காலம். மற்ற மாதங்கள்ல மழை, காற்று, வெளிச்சமும் இல்லை. போயா தினத்திலயும் வார இறுதியிலயும் படியில நிக்கவே இடம் கிடைக்காது. வேலை நாளாப் பார்த்துப் போங்க.

ஹட்டன் பக்கம் நல்லதண்ணிப் பாதைதான் இப்போ பெரும்பாலானவங்க போறது. கிட்டத்தட்ட 5,500 படி, மூணு நாலு மணித்தியாலம். நம்ம சப்ரகமுவப் பக்கத்தில ரெண்டு பாதை இருக்கு: குருவிட்ட - எரத்ன, இரத்தினபுரி - பலாபத்தல. பலாபத்தலப் பாதை நீளம், ஆறேழு மணித்தியாலம் எடுக்கும். முழங்காலில வருத்தம் உள்ளவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. ரெண்டு பாதையும் ஹெரமிட்டிபானவில சேர்ந்து, அங்கிருந்து மஹகிரிதம்ப என்ற செங்குத்தான ஏற்றமா 2,243 மீட்டர் உச்சிக்குப் போகுது.

தேசிக்காய் கொண்டு போங்க

நம்ம பக்கப் பாதையில அட்டை அதிகம். தோட்டத்தில கொழுந்து எடுக்கிற அம்மாமாருக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. 1344இல இந்த மலை ஏறின மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவும் இதே அட்டையைப் பற்றி எழுதியிருக்கார். கடிச்சா அதுமேல பிழிய ஆட்கள் தேசிக்காய் தயாரா வச்சிருப்பாங்களாம். கிட்டத்தட்ட 700 வருஷமா வைத்தியம் மாறல.

அவர் வந்த விதம்தான் எங்களை நிறுத்தி யோசிக்க வச்சது. புத்தளத்தில அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி என்ற தமிழ் மன்னர், பல்லக்குக் கொடுத்து, கூடவே வருஷா வருஷம் பாதம் கும்பிடப் போற 4 யோகிகள், 3 பிராமணர்கள், தன் ஆட்கள் 10 பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்க 15 பேர் என்று அனுப்பி வச்சார். ஆதம் நபியின் பாதத்தைத் தேடி வந்த ஒரு முஸ்லிமுக்கு, இந்து யோகிகள் வழித்துணை. யாருடைய பாதம் என்ற கேள்வி அந்தப் பயணத்தை நிறுத்தல. ஆனா அந்த 15 பேரில ஒருத்தர் பேரும் எங்களுக்குத் தெரியாது.

கிலிமலையில கொஞ்சம் நில்லுங்க

இரத்தினபுரியில இருந்து பலாபத்தல போற பஸ் கிலிமலை என்ற ஊரைத் தாண்டிப் போகும். முதலாம் விஜயபாகு (1055 - 1110) மலைக்குப் போறவங்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறதுக்காக மானியமா எழுதிக் கொடுத்த ஊர் இது. அதாவது யாத்திரைக்காரங்க வெறும் பக்தியால மட்டும் மலை ஏறல. கிலிமலைக்காரங்க வயல்ல விளைஞ்ச சோறும் அவங்களை ஏத்திவிட்டிருக்கு.

அதே மன்னரோட அம்பகமுவக் கல்வெட்டு இன்னொரு விஷயத்தையும் சொல்லுது. தாழ்ந்த சாதி என்று சொல்லப்பட்டவங்க கும்பிட, பாதத்துக்குக் கீழே தனியா ஒரு மேடை கட்டப்பட்டது. அவங்களும் ஏறினாங்க, அதே குளிர்ல நடுங்கினாங்க, ஆனா கீழே நின்னாங்க.

இதை வாசிச்சப்போ எங்களுக்குக் கோபம் வந்தது. பிறகு கொஞ்சம் வெட்கமாவும் இருந்தது. லயத்தில பிறந்த நமக்கு "கீழே நில்லு" என்ற வார்த்தை புதுசில்ல. ஆனா நம்ம தோட்டத் திருவிழாவில யார் சாமி தூக்கணும், யார் தள்ளி நிக்கணும் என்று நம்ம ஆட்களே சாதி பார்த்த கதையும் நம்ம பாட்டிமாருக்குத் தெரியும்.

ராஜாக்கள் கணக்கு

பேர்ச் சண்டைக்காரங்களுக்கு ஒரு தகவல். 16ஆம் நூற்றாண்டில மலையைச் சைவ ஆண்டிகள் கையில கொடுத்தவர் சீதாவக்கைச் சிங்கள மன்னர் முதலாம் ராஜசிங்கன். 18ஆம் நூற்றாண்டில அதைத் திரும்பப் பௌத்த பிக்குகளிடம் ஒப்படைச்சவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரையில இருந்து வந்த நாயக்கர் வம்சத்துக்காரர். இன்றைய இன அடையாளத்தைத் தூக்கிட்டுப் போய் அந்தக் காலத்துக்குப் போட்டா, அளவு சரிவராது.

மேலே போனா

உச்சி மளுவையில சப்பாத்துக் கழற்றணும். கல் ஐஸ் மாதிரி இருக்கும், மேஸ் போட்டுக்கோங்க. ஏறும்போது வியர்க்கும், நின்னதும் விறைக்கும். மாத்திக்க ஒரு காய்ஞ்ச சட்டையும் காற்றுக்கு ஒரு ஜாக்கெட்டும் வேணும். மணி இருக்கு. எத்தனையாவது தடவை ஏறுறீங்களோ அத்தனை தடவை அடிங்க, கூட அடிக்காதீங்க. இந்தக் காடு 2010இல இருந்து உலக மரபுரிமைப் பிரதேசத்தின் ஒரு பகுதி. கொண்டு போற பொலித்தீனைத் திருப்பிக் கொண்டு வாங்க.

வழியில சுமையோட ஏறுற நாட்டாமைமாரைக் காண்பீங்க. உச்சிக்கு வாகனப் பாதை கிடையாது. நீங்க குடிக்கிற தேத்தண்ணியோட சீனி, மா, காஸ் சிலிண்டர் எல்லாம் மனுஷத் தோள்லதான் போகுது. தோட்டத்து ஆட்களும் அதில இருக்காங்க. அவங்க வந்தா மலைப்பக்கம் ஒதுங்கி வழி விடுங்க. தேத்தண்ணி விலை கூட என்று கடையில சண்டை பிடிக்காதீங்க.

கடைசியா, சூரியன் உதிக்கும்போது எல்லாரும் கிழக்கே போனைத் தூக்குவாங்க. ஒரு தடவை மேற்கே திரும்பிப் பாருங்க. மலையோட நிழல் முக்கோணமா நம்ம சப்ரகமுவப் பக்கம் விழுந்து கிடக்கும். கிலிமலை அந்தப் பக்கம்தான். நம்ம லயங்களும் அந்தப் பக்கம்தான்.