தடுப்பூசிமேல் விழுந்த பழி



"தடுப்பூசி போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வருமா?" மருத்துவம் பற்றிய மன்றம் எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்வி எப்படியாவது தலைகாட்டிவிடும். கேட்பவர் பெரும்பாலும் இளம் தாயாராக இருப்பார். எங்கோ கேட்டது, யாரோ சொன்னது என்றுதான் தொடங்குவார். அந்த 'எங்கோ' எந்த ஊர்? அந்த 'யாரோ' யார்? இந்தப் பயத்துக்குப் பிறந்த ஊரும் உண்டு, பிறந்த நாளும் உண்டு. அந்த வரலாற்றை இந்த வாரம் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமா?

பன்னிரண்டு பிள்ளைகள்

1998, பிப்ரவரி 26. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு செய்தியாளர் கூட்டம். ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் பேசினார். அவரும் மேலும் 12 பேரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவரவிருந்தது. குடல் கோளாறும் வளர்ச்சிக் கோளாறும் உள்ள 12 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை அது. அவர்களில் 8 பேருக்கு, எம்எம்ஆர் ஊசி போட்ட பிறகே மாற்றம் தெரிந்ததாகப் பெற்றோரோ மருத்துவரோ கூறியிருந்தனர். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்று நோய்களையும் ஒரே ஊசியில் தடுப்பதுதான் எம்எம்ஆர். பிரிட்டன் அதை 1988-ல் அறிமுகப்படுத்தியிருந்தது.

இந்த ஊசிக்கும் அந்தக் கோளாறுக்கும் தொடர்பு உண்டென்று தாங்கள் நிரூபிக்கவில்லை என்று அந்தக் கட்டுரையே சொன்னது. ஆனால் கூட்டத்தில் வேக்ஃபீல்ட் ஒரு படி மேலே போனார். மூன்றையும் ஒன்றாகப் போடுவதை நிறுத்திவிட்டுத் தனித்தனியாகப் போடலாம் என்றார். கட்டுரையைப் படித்தவர்கள் சிலர். கூட்டத்தின் செய்தியைக் கேட்டவர்களோ கோடிக்கணக்கானவர்கள்.

பெற்றோர் ஏன் நம்பினார்கள்?

அவர்களை அறியாதவர்கள் என்று ஏளனம் செய்வது எளிது. அது நியாயமும் ஆகாது, உதவவும் உதவாது.

எம்எம்ஆர் முதல் ஊசி, பிள்ளைக்கு ஒரு வயது கடந்த சமயத்தில் போடப்படுகிறது. பேச்சு வரவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை என்று பெற்றோர் கவனிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைபோல, இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஒன்றால்தான் மற்றொன்று என்று மனம் முடிச்சுப் போடுகிறது. பெற்ற மனம் அப்படித்தான் போடும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்து எழுதியபின், பல ஆண்டுகள் பழி தாயின் தலையில்தான் விழுந்தது. தாய் பாசம் காட்டாததால் பிள்ளை இப்படி ஆனது என்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் 1960-களில் எழுதினார்கள். அதில் உண்மை இல்லை. ஆயினும் எத்தனை தாய்மார்களின் தூக்கத்தை அது கெடுத்திருக்கும்! அந்தப் பழியைச் சுமந்தவர்களிடம், "உங்கள்மேல் தவறில்லை, ஊசியின்மேல்தான் தவறு" என்று ஒரு மருத்துவரே சொன்னால் செவி சாய்க்கமாட்டார்களா?

ஒன்றை மறக்கக்கூடாது. தடுப்பூசியில் பக்கவிளைவே வராது என்று எவரும் சொல்லவில்லை. எம்எம்ஆர் ஊசியின் சில வகைகளில் இருந்த பொன்னுக்கு வீங்கிக் கிருமி, அரிதாக மூளை உறை அழற்சியை உண்டாக்கியது கண்டறியப்பட்டது. பிரிட்டன் 1992-ல் அந்த வகைகளை நிறுத்தியது. ஜப்பான் 1993-ல் எம்எம்ஆர் ஊசியையே நிறுத்திக்கொண்டது. ஆகவே கேள்வி கேட்பது தவறில்லை. கேட்டபின் விடையைத் தேடினார்களா என்பதே முக்கியம்.

விடை கிடைத்தது

தேடினார்கள். டென்மார்க்கில் 1991 முதல் 1998 வரை பிறந்த 5,37,303 பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை. 2019-ல் அதே நாட்டில் மேலும் 6,57,461 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு வந்தது. ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காளோ இருக்கும் பிள்ளைகளையும் அதில் தனியாகப் பார்த்தார்கள். விடை மாறவில்லை.

ஜப்பான் தந்த சான்று இன்னும் தெளிவானது. எம்எம்ஆர் நிறுத்தப்பட்ட பிறகு பிறந்த பிள்ளைகளை யோகோஹாமா நகரில் ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். ஊசியே இல்லை, ஆனால் ஆட்டிசம் கண்டறியப்படுவது கூடிக்கொண்டே போனது. ஊசிதான் காரணம் என்றால் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டாமா?

திரை விலகியது

2004-ல் 'சண்டே டைம்ஸ்' செய்தியாளர் பிரையன் டீர் ஒரு செய்தியை வெளியிட்டார். எம்எம்ஆர் தயாரிப்பாளர்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர், கட்டுரை வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேக்ஃபீல்டை அமர்த்தியிருந்தார். இதற்காக அவர் பெற்ற தொகை 4,35,643 பவுன் என்று பின்னர் தெரியவந்தது. செலவுகள் இதில் சேரவில்லை. அந்தப் பணம் பொதுமக்களின் சட்ட உதவி நிதியிலிருந்து வந்தது. அதோடு, 1997-லேயே தனித் தட்டம்மை ஊசி ஒன்றுக்கு அவர் காப்புரிமை கோரியிருந்தார். எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்பார்கள். இங்கே வீடு எரியத் தொடங்குமுன்பே ஆதாயத்துக்கு வழி பார்த்தாயிற்று!

2004 மார்ச் மாதம், கட்டுரை எழுதிய 13 பேரில் 10 பேர், ஊசியைத் தொடர்புபடுத்திய விளக்கத்தைத் திரும்பப் பெற்றனர். 2010 ஜனவரியில் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம், வேக்ஃபீல்ட் நேர்மையின்றி நடந்துகொண்டார் என்று தீர்ப்பளித்தது. மகனின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5 பவுன் கொடுத்து இரத்தம் எடுத்ததும் விசாரணையில் உறுதியானது. பிப்ரவரி மாதம் 'லான்செட்' அந்தக் கட்டுரையை முழுவதுமாக மீட்டுக்கொண்டது. மே மாதம் அவர் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு கட்டுரையைத் திருத்த 12 ஆண்டுகள்!

விலை கொடுத்தவர்கள்

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் என்ன நடந்தது? பிரிட்டனில் ஏறக்குறைய 92 விழுக்காடாக இருந்த எம்எம்ஆர் ஊசி அளவு, 2003–04-ல் 80 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2006-ல் ஒரு 13 வயதுச் சிறுவன் தட்டம்மையால் இறந்தான். 14 ஆண்டுகளில் அங்கே அதுவே முதல் தட்டம்மை மரணம். 2012 இறுதியில் வேல்ஸ் நாட்டின் சுவான்சி வட்டாரத்தில் தட்டம்மை பரவத் தொடங்கியது. 1,200-க்கும் மேற்பட்டோர் நோய்கண்டதாகப் பதிவாயினர். 25 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் 10 முதல் 18 வயதினர். பயம் பரவிய காலத்தில் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் அவர்களே.

பயம் கடல் தாண்டியும் போனது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குடியேறிய சோமாலியச் சமூகம், ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குத் தவறாமல் ஊசி போட்டது. ஆட்டிசம் பற்றிய கவலை அங்கே எழுந்தபோது வேக்ஃபீல்ட் நேரில் சென்று பெற்றோரைச் சந்தித்தார். 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்த எம்எம்ஆர் அளவு, 2014-ல் ஏறக்குறைய 42 விழுக்காடானது. 2017-ல் தட்டம்மை பரவி 70-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. சிறுபான்மையாக வாழும் நமக்கு இதில் பாடம் உண்டு. நம் மொழியில் நல்ல விளக்கம் வந்து சேராவிட்டால், அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும்.

இரண்டு நாற்காலிகள்

என் தொழிலைச் சேர்ந்த ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். 2002-ல் பிரிட்டனில் ஊடகங்கள் இந்த விவகாரத்தையே பேசின. பிரதமர் டோனி பிளேர் தம் கைக்குழந்தைக்கு ஊசி போட்டாரா என்று கேட்டுத் துளைத்தன. அந்தச் செய்திகளைக் கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். இரு தரப்புக்கும் ஊடகம் சமமாக இடம் தந்ததால், இரு தரப்பிலும் சான்று சமமாக இருக்கிறது என்று பாதிக்கும் மேற்பட்டோர் நினைத்தார்கள். சான்றுகளில் பெரும்பகுதி தடுப்பூசிக்கு ஆதரவாக இருப்பதை அறிந்திருந்தவர்கள் 23 விழுக்காட்டினரே.

நேயர்களே, மன்றத்தில் இரண்டு நாற்காலி போடுவது எங்கள் வழக்கம். நாற்காலி சமமாக இருக்கலாம். தராசுத் தட்டு சமமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரு தட்டில் 12 பிள்ளைகளின் கதை, மறு தட்டில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் பதிவுகள். இதைச் சொல்லாமல் நிகழ்ச்சியை முடித்தால் அது நடுநிலை ஆகுமா?

இந்தச் சண்டையில் இன்னொரு தரப்பை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் அவர்களை வளர்ப்பவர்களும்தான் அவர்கள். பேச்சுப் பயிற்சி, பொருத்தமான பள்ளி, வளர்ந்தபின் ஒரு வேலை என்று அவர்களின் தேவைகள் நீளுகின்றன. ஊசியின்மேல் குற்றம் தேடிய ஆண்டுகளில், அந்தத் தேவைகள் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டன. அந்தப் பிள்ளையைப்போல் தம் பிள்ளை ஆகிவிடக்கூடாது என்று மற்றவர்கள் அஞ்சுவதைக் கேட்கும் தாயின் மனம் என்ன பாடுபடும்?

தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். இந்த வழக்கைப் பல நாடுகள் தீர விசாரித்துவிட்டன. 2025-ல்கூட டெக்சாஸ் மாநிலத்தில் தடுப்பூசி போடாத இரண்டு பிள்ளைகளைத் தட்டம்மை கொண்டுபோனது. ஐயம் இருந்தால் கிளினிக்கில் மருத்துவரிடமோ தாதியிடமோ கூச்சப்படாமல் கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்வது அவர்கள் கடமை. ஆனால் குறித்த நாளில் பிள்ளைக்கு ஊசியைப் போட்டுவிடுங்கள். தட்டம்மை நம் விவாதம் முடியும்வரை வாசலில் காத்து நிற்காது.