உடையவர் பெயர்: நாய் உரிம விதிகளும் ஊராட்சி வாழ்வும் – திருநாவலூரை முன்வைத்து

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பூசலில் மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகிறது. நாயின் பெயரையும் அதன் உடையவன் பெயரையும் ஒருசேரத் தரும் பழந்தமிழ்ச் சான்றுகளுள் இது தலையாயது.

இன்றைய நாய் உரிமமும் இவ்விரு செய்திகளையே கேட்கிறது: எந்த நாய்? யாருடைய நாய்? இவற்றுள் இரண்டாம் வினாவுக்கு ஊர்ப்புறத்தில் நேரான விடை கிடைப்பதில்லை. உரிம விதிகள் அங்கு வேரூன்றாமைக்கு நிருவாக மெத்தனத்தை விட இதுவே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூர் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

சுந்தரர் பிறந்த ஊர் என்று அறியப்படும் திருநாவலூரில் விலங்குகளைக் கணக்கில் கொள்ளும் மரபு பழையது. இராசாதித்தன் காலத்தோடு தொடர்புடைய இவ்வூர்க் கோயிலில் விளக்கெரிக்க ஆடுகள் விடப்பட்ட செய்திகள் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் உள்ளன. 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடர் சோழர் காலக் கல்வெட்டு பயில்வோர் அனைவரும் அறிந்தது. ஆடு சாகலாம், மூக்கலாம். எண்ணிக்கை மட்டும் குறையலாகாது. பொறுப்பேற்றவர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். இங்குத் தனி விலங்குக்கு அடையாளம் தேவைப்படவில்லை, பொறுப்பாளி தேவைப்பட்டார். உடைமையும் பொறுப்பும் வெவ்வேறாக இருக்க முடிந்த ஏற்பாடு இது.

நாய் உரிமம் வேறு வழியில் வந்தது. பிரித்தானியாவில் 1796இல் நாய் வரி விதிக்கப்பட்டது, 1867இல் அது ஆண்டு உரிமமாயிற்று, 1987இல் கைவிடப்பட்டது. வருவாய் நோக்கில் பிறந்த இவ்வேற்பாடு குடியேற்ற நாடுகளில் வெறிநோய் அச்சத்தோடு கைகோத்தது. இலங்கையில் 1893இல் வெறிநோய்க் கட்டளைச் சட்டமும் 1901இல் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் அடுத்தடுத்து வந்தமை இதைக் காட்டும். சென்னையில் 1860 முதல் மாநகராட்சி தெருநாய்களைக் கொன்றுவந்ததாக நீலச் சிலுவைச் சங்கத்தார் எழுதியுள்ளனர். குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கியது. உடையவர் உள்ள நாய் பதிவேட்டில் ஏறியது. உடையவர் அற்றது கொல்லப்பட்டது. ஆக, உரிமம் என்பது நாய்க்குத் தரப்பட்ட உயிர்ச்சீட்டாகவும் இருந்தது.

ஊராட்சிச் சட்டங்கள் நாயைப் பன்றியோடு சேர்த்தே பேசுவதையும் நோக்க வேண்டும். கேரளத்தில் 1998இல் வந்த ஊராட்சி உரிம விதிகளின் தலைப்பே பன்றிகளையும் நாய்களையும் ஒருங்கே குறிக்கிறது. காவலுக்கு நிற்கும் விலங்கும் கழிவு தின்று திரியும் விலங்கும் ஒரே தலைப்பில் வந்தது சுகாதார நிருவாகத்தின் பார்வை. ஊராரின் பார்வை அதுவன்று.

தெருநாய்களைக் கொல்வதற்கு 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் ஓரளவு இடம் வைத்திருந்தது. சென்னையில் 1996இல் கருத்தடை, தடுப்பூசி முறைக்கு மாற்றம் நிகழ்ந்தது. 2001ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் நாய்களை வளர்ப்பு நாய், தெருநாய் என இரண்டாகப் பகுத்தன. முன்னதற்குத் தடுப்பூசி, கருத்தடை, உரிமம் ஆகிய மூன்றும் உடையவர் கடன்.

திருநாவலூர் போன்ற ஊரில் இப்பகுப்பு எங்கே விழும்? ஒரு நாய் இரவில் ஒரு வீட்டுத் திண்ணையில் படுக்கும். காலையில் எதிர்வீட்டுப் பழைய சோறு தின்னும். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் காவல் கிடக்கும். 'எங்கள் தெரு நாய்' என்ற வழக்கில் 'எங்கள்' என்பது உடைமையைக் காட்டிலும் உறவையே சுட்டுகிறது. அயலார் வந்தால் குரைக்கும் வரை அது மூன்று வீட்டுக்கும் சொந்தம். யாரையேனும் கடித்துவிட்டால் ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லை. இந்த இடைவெளியில்தான் தடுப்பூசி தவறுகிறது. உலக வெறிநோய் இறப்புகளில் 36 விழுக்காடு இந்தியாவில் நேர்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடும் நிலையில், இதனைச் சொல்லாராய்ச்சியாக மட்டும் கொள்வதற்கில்லை.

சென்னை மாநகராட்சி 50 ரூபாய்க் கட்டணத்தில் ஆண்டு உரிமம் தருகிறது, 2025இல் நுண்சில்லு பொருத்துவதைக் கட்டாயமாக்கி, உரிமமின்றி வளர்ப்போர்க்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது, கெடுவையும் நீட்டித்தது. அடுக்கக வாழ்வில் நாய்க்குக் கதவெண் உண்டு. ஆதலின் இம்முறை அங்கு இயங்கும். அதனை அப்படியே ஊராட்சிக்குப் பெயர்த்தால், அபராதத்துக்கு அஞ்சிச் சோறிடுவோரும் 'எங்கள் நாயன்று' என்று கைவிரிப்பர்; தடுப்பூசிக்கு நாயைப் பிடித்துத் தரும் கைகளே குறையும்.

2023ஆம் ஆண்டின் திருத்திய விதிகள் 'சமூக விலங்கு' என்னும் வகையை ஏற்றுள்ளன. ஊர்ப்புற நடைமுறைக்கு நெருங்கி வந்த முதல் சட்டச்சொல் இதுவே எனலாம். ஆயினும் சமூக விலங்குக்கு உணவிடும் ஏற்பாட்டைப் பேசும் இடத்தில் அவ்விதிகள் குடியிருப்போர் நலச்சங்கத்தையே முன்வைக்கின்றன. திருநாவலூர்த் தெருக்களுக்கு அத்தகைய சங்கம் இயல்பான அமைப்பன்று. ஊராட்சிப் பதிவேட்டில் 'உடையவர்' என்னும் ஒற்றைப் பத்திக்கு மாற்றாகச் 'சோறிடும் வீடுகள்', 'தடுப்பூசி நாள்' என இரு பத்திகள் வகுக்கலாம். ஆட்டுக்கு நெய்ப்பொறுப்பாளியைக் குறித்துவைத்த ஊருக்கு அது புதுமையும் அன்று.