குழந்தை பால் கக்குகிறதா? எப்போது கவலைப்பட வேண்டும்?

"குடித்த பாலையெல்லாம் பிள்ளை கக்கிவிடுகிறதே, வயிற்றில் ஏதாவது தங்குமா?" பிரசவமான வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் கவலை இது. பெரும்பாலும் இது நோயல்ல.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. உள்ளே போன உணவு மேலே வராமல் தடுப்பது அதன் வேலை. பச்சிளம் குழந்தைகளுக்கு அந்தத் தசை அடிக்கடி தளர்ந்துவிடும். இரைப்பையும் சிறியது, குடிப்பதெல்லாம் பால், பெரும்பாலான நேரம் படுத்தே இருக்கிறார்கள். அதனால் பால் எதுக்களித்து வருகிறது. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் தினமும் ஒரு முறையாவது கக்குவார்கள். சுமார் 4 மாதத்தில் இது அதிகமாகி, உட்காரப் பழகியதும் குறைந்து, பெரும்பாலோருக்கு ஒரு வயதையொட்டி நின்றுவிடும்.

கொஞ்சம் பால்கூட துணியில் பரவினால் நிறையத் தெரியும். அதை வைத்துக் கணக்கிட வேண்டாம். எடை கூடுகிறதா, சிறுநீர் வழக்கம்போல் போகிறதா என்று பாருங்கள். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் எடை பார்த்து அட்டையில் குறித்து வாங்குங்கள்.

செய்ய வேண்டியவை

* வயிறு முட்டக் கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.
* நடுவிலும் முடிவிலும் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள்.
* குடித்தபின் 20 முதல் 30 நிமிடம் நிமிர்த்தி வைத்திருங்கள். உடனே தொட்டிலில் போட்டு ஆட்ட வேண்டாம்.
* மல்லாக்கப் படுக்க வைத்தே தூங்கச் செய்யுங்கள். குப்புறப் படுத்தால் தூக்கத்திலேயே திடீர் மரணம் நேரும் ஆபத்து கூடுகிறது.

தவிர்க்க வேண்டியவை

* கக்குகிறது என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திப் பவுடர் பாலுக்கு மாறாதீர்கள்.
* கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.
* வசம்பு உரைத்து ஊற்றாதீர்கள். வசம்பே வாந்தியை உண்டாக்கக்கூடியது.
* ஒரு வயது வரை தேன் நாக்கில் தடவக்கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமி, குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம்.
* மருத்துவரைக் கேட்காமல் மருந்துக் கடையில் வாந்தி மருந்து, அமில மருந்து வாங்காதீர்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

* பச்சை நிறத்தில் வாந்தி: குடல் அடைப்பாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.
* வாந்தியில் அல்லது மலத்தில் ரத்தம்.
* பிறந்த சில வாரங்களில், ஒவ்வொரு முறை குடித்ததும் பீய்ச்சி அடிக்கும் வாந்தி. வாந்தி எடுத்ததும் மீண்டும் பசித்து அழுதல். இரைப்பையின் வாய் தடித்து அடைபடுவது காரணமாக இருக்கலாம். அறுவை சிகிச்சையால் குணமாகும்.
* எடை கூடாமை, பால் குடிக்க மறுத்தல், சிறுநீர் குறைதல், காய்ச்சல், வயிறு உப்பல், சோர்வு, மூச்சுத் திணறல்.
* 6 மாதத்துக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வாந்தி, ஒரு வயதைத் தாண்டியும் நிற்காத கக்கல்.

அவசரம் என்றால் 108-ஐ அழையுங்கள். நமதூருக்குப் பக்கத்தில் பட்டுக்கோட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. தஞ்சாவூரில் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார், போனில் கேட்டுவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். வழியில் தகவல் சொல்லிக்கொள்ளலாம்.