நிதியின்றி நின்ற மதில்கள்

வேல்ஸின் வடமேற்கே, ஆங்கில்ஸி தீவின் கரையில் இருக்கிறது போமாரிஸ் கோட்டை. வேல்ஸை அடக்கிவைக்க இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் எழுப்பிய பெருங்கோட்டைகளில் இதுவே கடைசி. 1294-இல் மடோக் என்பவரின் தலைமையில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து, தீவை ஆண்ட அரச அதிகாரியைக் கொன்றனர். கிளர்ச்சியை ஒடுக்கிய கையோடு, 1295 ஏப்ரலில் கட்டுமானம் தொடங்கியது. அருகில் செழித்திருந்த லான்வைஸ் துறைமுகத்தின் வேல்ஸ் குடிகள் வேரோடு பெயர்க்கப்பட்டு, தீவின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டனர். கோட்டையின் அழகைப் பேசும்போது இந்தக் கொடுமையை மறக்க முடியாது.

சவாய் நாட்டிலிருந்து வந்த தலைமைச் சிற்பி ஜேம்ஸுக்குக் கிடைத்தது சமதளமான சதுப்பு நிலம். பாறைக்கும் சரிவுக்கும் வளைந்துகொடுக்க வேண்டியிராததால், அவர் நினைத்த வடிவத்தை நினைத்தபடியே வகுத்தார். உயரம் குறைந்த வெளிமதிலுக்குள் சதுரமான உள்மதில். அதன் உயரம் 11 மீட்டர், கனம் ஏறத்தாழ 5 மீட்டர். வெளிமதிலில் நிற்போரின் தலைக்கு மேலாக உள்மதிலில் நிற்கும் வில்லாளியும் அம்பு எய்யலாம். வெளிவாயிலும் உள்வாயிலும் நேருக்கு நேர் அமையவில்லை. முதல் வாயிலை உடைத்து நுழைந்த படை, பக்கவாட்டைக் காட்டியபடி திரும்பித்தான் அடுத்ததை நெருங்க முடியும். சுற்றிலும் அகழி. கடலையொட்டிய சிறு துறையில், நீரேற்றத்தின்போது சரக்குக் கப்பல் வாயிலருகே வந்து நிற்க முடிந்தது. முற்றுகையிலும் உணவு தடைபடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

இத்தனைக்கும் பணம் வேண்டுமே! 1296 பிப்ரவரியில் ஜேம்ஸும் கணக்கரும் அரசின் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. 400 கொத்தர்கள், 200 கல்லுடைப்போர், 2,000 கூலியாட்கள், 30 கொல்லர்கள், இவர்களோடு தச்சர்கள். கல்லும் நிலக்கரியும் கொண்டுவர 30 படகுகள். வாரத்துக்கு 250 பவுன் தேவை, கூலி பாக்கி நிற்கிறது, ஆட்களைத் தக்கவைப்பதே பெரும்பாடு என்று அது முறையிடுகிறது. இடைக்காலக் கட்டுமானத்தின் உள்நிலையை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் ஆவணங்கள் மிகச் சிலவே.

எட்வர்டின் கவனமும் பணமும் ஸ்காட்லாந்துப் போருக்குத் திரும்பின. 1300 வாக்கில் வேலை நின்றது. 1306-இல் மறுபடி தொடங்கி, 1330-இல் அடியோடு நின்றுபோனது. அதற்குள் ஏறக்குறைய 15,000 பவுன் செலவாகியிருந்தது. உள்மதில் கோபுரங்கள் திட்டமிட்ட உயரத்தை எட்டவே இல்லை. 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பின் கையிலிருந்த கோட்டை, 1646-இல் நாடாளுமன்றப் படையிடம் சரணடைந்தது. 1986-இல் கயர்னார்வான், கான்வி, ஹார்லெக் கோட்டைகளோடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.