விழுப்புரம் வட்டாரப் பயணிகள் இரயில்களின் மாற்ற வரலாறு

விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, புதுச்சேரி, மயிலாடுதுறை ஆகிய ஊர்களுக்குச் செல்லும் பயணிகள் இரயில்கள் நீராவியில் தொடங்கி, டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறியவை. வண்டிகள் மாறியதற்குப் பெரும்பாலும் பாதையில் ஏற்பட்ட மாற்றம் காரணமாக இருந்தது. இவ்வட்டாரத்தைச் சேர்ந்த மரக்காணம் உப்பளக் கரைக்கு இன்றுவரை இருப்புப்பாதை இல்லை.

கால்வாயும் இருப்புப்பாதையும்

மரக்காணத்து உப்பு சென்னைக்குப் போன பழைய வழி பக்கிங்காம் கால்வாய். 1877–78 பஞ்ச காலத்தில், சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதன் பின் வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை படகுகள் தொடர்ந்து செல்ல முடிந்தது. அதே பத்தாண்டில் தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை கடற்கரையை விட்டு விலகி, திண்டிவனம் வழியாக விழுப்புரத்தை அடைந்தது. 1879-இல் விழுப்புரம்–புதுச்சேரி கிளைப்பாதை திறக்கப்பட்டது. இதனால் மரக்காணத்தாருக்குத் திண்டிவனமே இரயில் நிலையமாயிற்று.

எஞ்சின் மாறிய சந்திப்பு

சென்னை கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் 1931-இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1960-களில் மின்கம்பி விழுப்புரம் வரை நீண்டது. ஜப்பானில் செய்யப்பட்ட ஒய்.ஏ.எம்.-1 வகை மின் எஞ்சின்கள் வந்தன. விழுப்புரத்துக்குத் தெற்கே கம்பி இல்லை. ஆகவே தெற்கே செல்லும் வண்டிகளில் மின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, நீராவி அல்லது டீசல் எஞ்சினை மாட்டினார்கள். புது எஞ்சினைப் பின்னோக்கிக் கொண்டுவந்து பெட்டிகளுடன் இணைத்து, பிரேக்கைச் சோதித்த பிறகே வண்டி புறப்படும். பயணிகள் அதுவரை காத்திருக்க வேண்டும். இருவகை எஞ்சின்களையும் அவற்றுக்குரிய பணியாளர்களையும் இரயில்வே ஒரே ஊரில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

ஈரியக்க இரயில்

இந்தச் சிக்கலுக்கு மேலைநாடுகள் கண்ட தீர்வுகளுள் ஒன்று ஈரியக்க இரயில். கம்பி உள்ள இடத்தில் அது மின்சாரத்தால் ஓடும். கம்பி முடிந்ததும் தன்னிடமுள்ள டீசல் எஞ்சினால் ஓடும். எஞ்சின் மாற்றவோ பயணிகள் வண்டி மாறவோ தேவையில்லை. பிரான்சின் வட்டாரப் பாதைகளில் 2000-களிலேயே இவ்வகை வண்டிகள் ஓடின. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நார்விச், லோவெஸ்டோப்ட் பகுதிகளில் ஓடிய பழைய டீசல் வண்டிகளுக்குப் பதிலாக 2019 முதல் 38 ஈரியக்க வண்டிகள் வந்தன. கம்பிக்கு அடியில் ஓடும்போதும் டீசல் எஞ்சினின் எடையைச் சுமந்து செல்ல வேண்டும் என்பது இதன் குறை.

இந்தியா தேர்ந்த வழி

இந்திய இரயில்வே பாதை முழுவதற்கும் கம்பி இழுக்கும் வழியைத் தேர்ந்தது. அதற்கு முன், மீட்டர்கேஜை அகலப்பாதையாக்கும் பெரும்பணி நடந்தது. சென்னையின் மீட்டர்கேஜ் மின்சார இரயில்கள் 2004-இல் நின்றன. விழுப்புரம்–புதுச்சேரி பாதையும் அவ்வாண்டே அகலப்பாதையாயிற்று. விழுப்புரம்–மயிலாடுதுறை பாதை 2010-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பாதையின் அகலம் மாறியதால், நல்ல நிலையிலிருந்த மீட்டர்கேஜ் வண்டிகளுக்கும் இங்கு வேலையில்லாமல் போயிற்று. பின்னர் இப்பாதைகளிலும் கம்பி வந்தது. எஞ்சின் பூட்டிய பழைய பாசஞ்சர் வண்டிகள் பலவற்றின் இடத்தில் இருமுனையிலும் ஓட்டுநர் அறை கொண்ட மெமு வண்டிகள் ஓடுகின்றன. ஈரியக்க முறை இந்தியாவில் முற்றிலும் இல்லாமலில்லை: 2020-இல் ஜபல்பூரில் மின்கம்பி, மின்கலம் இரண்டாலும் இயங்கும் 'நவதூத்' என்னும் எஞ்சின் உருவாக்கப்பட்டது. நிலையத்துக்குள் பெட்டிகளை இடம் மாற்றும் பணிக்கானது அது.

மரக்காணத்தின் நிலை

சென்னையிலிருந்து மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி வழியாகக் கடலூர் செல்லும் சுமார் 179 கி.மீ. புதிய பாதைக்கு 2008–09-இல் ஒப்புதல் கிடைத்தது. பாதை இன்னும் அமையவில்லை. உப்பு லாரியில் போகிறது. தொழிலாளர்கள் பேருந்தில் திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ சென்றுதான் இரயில் ஏற வேண்டும். இப்பாதை அமைந்தால் பராமரிப்பிலும் தனிக் கவனம் தேவைப்படும். உப்புக்காற்று மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் காப்பிகளில் படிந்து மின்கசிவை உண்டாக்கும் என்பதால், கடலோரப் பாதைகளில் அவற்றை அடிக்கடி கழுவ வேண்டும். விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றக் காத்திருந்த காலம் முடிந்துவிட்டது. உப்பளக் கரையோ 1870-களில் தன்னை விட்டு விலகிச் சென்ற பாதைக்காக இன்னும் காத்திருக்கிறது.