‘ஃபெரோ’ என்னும் இலத்தீன் வினையின் வேர்கள்

இலத்தீன் மொழியில் ‘சுமக்கிறேன்’, ‘கொண்டுவருகிறேன்’ என்னும் பொருள்களில் வழங்கும் வினை ‘ஃபெரோ’ என்பதாகும். இதன் தலைமை வடிவங்களை இலக்கண நூல்கள் ‘ஃபெரோ, ஃபெர்ரெ, துலீ, லாத்தும்’ என நிரல்படக் கூறும். இவற்றுள் முதலிரண்டும் நிகழ்கால வினையும் வினைப்பெயருமாம். ‘துலீ’ முற்றுப்பெற்ற செயலைக் குறிக்கும். ‘லாத்தும்’, செயப்பாட்டெச்சமாகிய ‘லாத்துஸ்’ என்பதனோடு ஓரினமாகும். ஃபெர், துல், லா என உருவொற்றுமை சிறிதுமின்றி நிற்றலின், இவை மூன்று வேர்களோ என்னும் ஐயம் கற்பார்க்கு எழுதல் இயல்பே. வேர்கள் இரண்டே என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

‘ஃபெர்’ என்பது வடமொழிப் ‘பரதி’, கிரேக்கப் ‘பெரோ’, ஆங்கிலப் ‘பேர்’ ஆகியவற்றோடு ஒருவேரினது. மூச்சொலியோடு கூடிய தொன்மைப் பகரம் இலத்தீனில் மொழிமுதற்கண் ‘ஃப’ எனத் திரியும். உடன்பிறந்தானைக் குறிக்கும் வடமொழி ‘ப்ராதா’ இலத்தீனில் ‘ஃப்ராதெர்’ என நிற்றல் இதற்குச் சான்று. இதன் நிகழ்கால வாய்பாடு ‘ஃபெரோ, ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெரிமுஸ், ஃபெர்திஸ், ஃபெருந்த்’ என்பது. முன்னிலை ஒருமை பன்மை இரண்டினும் படர்க்கை ஒருமையினும் விகுதி இடையில் உயிரின்றிப் பகுதியோடு நேரே புணர்தல் காண்க. ‘ஃபெர்ரெ’ என்பதும் ‘ஃபெர்ஸெ’ என்னும் பழைய வடிவில் ஸகரம் ரகரமாய் ஒன்றியதே.

இனி, ‘துலீ’ என்பதன் முன்னை வடிவம் ‘தெதுலீ’. பிளாட்டஸ், தெரன்ஸ் ஆகியோர்தம் நாடகங்களில் இது பயில்கின்றது. முதலசை இரட்டித்து இறந்தகாலம் காட்டும் தொன்மரபு இது. ‘ரெஃபெரோ’ என்னும் கூட்டுவினை ‘ரெத்துலீ’ எனத் தகரம் இரட்டித்து வருதல், மறைந்த அவ்வசையின் எச்சமேயாம். ‘உயர்த்துகிறேன்’ என்னும் ‘தொல்லோ’வும் இவ்வேரினின்று பிறந்ததே.

‘லாத்துஸ்’ முன்னர் ‘த்லாத்துஸ்’ என இருந்து, லகரத்தின் முன் நின்ற தகரத்தை இழந்தது. தாங்குதற் பொருளுடைய கிரேக்கத் ‘த்லேதொஸ்’ அத்தகரத்தை இழவாது காத்து நிற்கின்றது. எனவே துல், லா இரண்டும் ஒருவேரின் திரிபுகளாம். நம் இலக்கண வழக்கிற் கூறின், ‘தந்தான்’ என்புழித் ‘தா’ குறுகி நிற்றல்போல இவை பகுதி விகாரமாய் அடங்கும். ‘ஃபெர்’ ஒன்றே வேறு பகுதி.

பேச்சிலத்தீனின் வழிவந்த மொழிகளில் இத்தனிவினை வழக்கொழிந்தது. ‘போர்த்தாரெ’ முதலியன அதன் இடத்தைக் கொண்டன. ஆயினும் ஆங்கிலத்தின் ‘ரெஃபர்’, ‘ரிலேட்’ என்னும் இருசொற்களும் ‘ரெஃபெரோ’ என்னும் ஒரே வினையின் இருவேறு வடிவங்களினின்று வந்தவை.

உருவொற்றுமை கண்டு உறவு கற்பித்தலும், அஃதின்மை கண்டு உறவு மறுத்தலும் ஒருங்கே பிழைபடும். ஒலித்திரிபின் நெறியே வேர்காண் முயற்சிக்கு உரைகல்லாகும் என்பதனை இவ்வொரு வினையே நமக்குத் தெளிவுறுத்துகின்றது.