பைக்கில் செயின் செட், சைலன்சரை மாற்றினால் அபராதமா? பொல்யூஷன் சான்றிதழ் இருந்தும் சிக்கல் வருவது ஏன்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என தோல் தொழில் பகுதியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பலருக்கும் பைக்தான் துணை. பாகம் தேய்ந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் 'பிக்கப் வேணும்', 'சவுண்ட் வேணும்' என்று வேறு அளவு பாகத்தைப் போட்டால், அது புகை விதிகளோடு மோத வாய்ப்பு இருக்கிறது. எது ஓகே, எது சிக்கல்? விரிவாகப் பார்ப்போம்.

கம்பெனி வாங்கும் சான்று எதற்கு?

புதிய மாடல் விற்பனைக்கு வரும் முன் அரசு அங்கீகரித்த சோதனை மையத்தில் பாஸ் ஆக வேண்டும். புனேவில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை இந்த மையங்கள். வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, நகரம், நெடுஞ்சாலை என வெவ்வேறு வேகத்தில் ஓட்டுவார்கள். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு வெளிவருகிறது என்று அளப்பார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் இதற்கான வரம்பு பி.எஸ்.6.

இங்கேதான் முக்கியமான விஷயம். இந்தச் சான்று எஞ்சினுக்கு மட்டும் கிடைப்பதில்லை. எஞ்சின், கியர் விகிதம், சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், ஈ.சி.யூ. என்ற கம்ப்யூட்டர் என மொத்த செட்டுக்கும் சேர்த்துத்தான் சான்று. ஒன்றை மாற்றினால், அந்தச் சோதனை முடிவு உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது.

செயின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைந்தால்?

உதாரணமாக, முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 1 முறை சுற்ற பின் சக்கரம் மூன்றில் ஒரு பங்கு சுற்றும். அதாவது விகிதம் 3. பிக்கப்புக்காக முன்னால் 13 பல் போட்டால் விகிதம் 3.23 ஆகிவிடும். அதே கியரில், அதே வேகத்தில் போக எஞ்சின் சுமார் 8 சதவீதம் அதிகமாகச் சுற்ற வேண்டும். 5,000 சுற்றில் போன இடத்தில் இப்போது கிட்டத்தட்ட 5,400. எரிபொருள் செலவும் கிலோமீட்டருக்கு வெளிவரும் புகையும் மாறிவிடும். சில மாடல்களில் வேகத்தை அளக்கும் சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும். அதில் ஸ்பீடோமீட்டரே தப்பாகக் காட்டும்.

இதற்காக ரோட்டில் யாரும் பல்லை எண்ணப் போவதில்லைதான். தேய்ந்த செயின் செட்டை அதே அளவில் மாற்றினால் எந்தப் பிரச்சினையும் இல்லை.

சைலன்சர் மாற்றினால்?

இதுதான் பெரிய சிக்கல். கடைகளில் கிடைக்கும் பல சைலன்சர்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்காது. சத்தம் கூடும், நச்சு வாயு வடிகட்டப்படாமல் அப்படியே வெளியே வரும். சத்தத்துக்கும் தனி வரம்பு உண்டு. தயாரிப்பு நிலையில் 80 முதல் 175 சிசி வரையிலான பைக்குகளுக்கு 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல்.

பொல்யூஷன் சான்றிதழ் இருந்தால் போதாதா?

போதாது. பெட்ரோல் பைக்குக்கு அந்தச் சோதனை, வண்டி நின்ற இடத்தில் ஐட்லிங்கில் நடக்கிறது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் மட்டுமே பார்க்கப்படுகின்றன. ஓடும்போது, கியர் மாறும்போது என்ன வெளிவருகிறது என்பது அதில் தெரியாது. நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதே இல்லை. எனவே பாகம் மாற்றிய வண்டியும் பாஸ் ஆகலாம். அதனால் அந்த மாற்றம் சட்டப்படி சரியாகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

* மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. அடிப்படை அம்சமே மாறும் அளவு கட்டமைப்பை மாற்றுவதைத்தான் சட்டம் 'மாற்றம்' என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இந்தத் தடையை உறுதி செய்தது.
* பிரிவு 182ஏ(4): அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.
* பிரிவு 190(2): சத்தம், காற்று மாசு விதிகளை மீறினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதம் தகுதியிழக்கும்.

லாரிகளில் நடப்பது என்ன?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் பி.எஸ்.6 டீசல் லாரிகள் பலவற்றில், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஆட்ப்ளூ என்ற யூரியா கரைசல் புகைக்குழாயில் தெளிக்கப்படுகிறது. அது தீர்ந்தால் எஞ்சின் சக்தி தானாகக் குறையும். அந்தச் செலவை மிச்சப்படுத்த, 'கரைசல் இருக்கு' என்று கம்ப்யூட்டரை ஏமாற்றும் சின்னக் கருவிகள் உலகம் முழுக்க விற்கப்படுகின்றன. இது இந்தியாவின் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் பத்தாண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப் டிரக்குகளில் புகைக் கட்டுப்பாடு அகற்றப்பட்டதாக அந்நாட்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் மதிப்பிட்டது.

வேலூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பாலாற்றில் தோல் கழிவு கலந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கு அது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்', 'கெடுதல் வரும் முன்பே தடுக்க வேண்டும்' என்ற கொள்கைகள் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு, செய்பவருக்கே என்றும் சொன்னது.

வண்டிகளுக்கு விற்பனைக்கு முன்பே நடக்கும் சோதனையும் இதே யோசனைதான். கம்பெனி நிரூபித்துவிட்டு விற்கிறது. நாம் பாகத்தை மாற்றும்போது அந்த நிரூபணம் அறுந்துபோகிறது. பாலாற்றுத் தண்ணீருக்காகப் போராடிய ஊர்க்காரர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல.

என்ன செய்யலாம்?

1. செயின் செட் வாங்கும்போது பல் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அளவு வண்டி மேனுவலில் இருக்கும்.
2. சைலன்சர் வாங்கினால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ளதா என்று கேளுங்கள். கழற்றிய ஒரிஜினலை எடைக்குப் போடாதீர்கள்.
3. எரிபொருள் மாற்றும் கிட் என்றால் அங்கீகரிக்கப்பட்டதை மட்டும் பொருத்தி, 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதியுங்கள்.
4. இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் மாற்றத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து கிளைம் நேரத்தில் தகராறு வரலாம்.
5. 'பிக்கப் இல்லை' என்றால் முதலில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச், செயின் டைட், டயர் காற்று எல்லாவற்றையும் செக் பண்ணுங்கள். பெரும்பாலும் பாகத்தை மாற்றாமலே பிரச்சினை தீர்ந்துவிடும்.